அஞ்சு யூனிட்டும் ஒரு கடற்கரையும்

சுற்றுச்சூழல் அறிவியல் பேப்பரை நாம எல்லாரும் எழுதியிருப்போம். முந்தின ராத்திரி அஞ்சு யூனிட்டையும் முழுங்கி, பரீட்சை முடிஞ்சதும் மறந்தாச்சு. அதே பாடத்தை மணலில் நடத்துகிறவர்கள் சென்னையில் இருக்காங்க.

எஸ்.எஸ்.டி.சி.என்: 1988 முதல் மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. ஜனவரி பிறந்தால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை நாய் தோண்டுவதற்கு முன் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். ஒரு குழியில் சுமார் 100 முட்டை. வார இறுதியில் நீங்களும் கூடவே நடக்கலாம்.

பொரிந்த குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் ஓடும். இருட்டில் கடல்தான் வெளிச்சம். ஆனா நம்ம தெருவிளக்கு அதைவிடப் பிரகாசம். குஞ்சு ரோட்டுக்கு வந்து சாகுது. அந்த விளக்கை டிசைன் பண்ணது யார்? நம்மள மாதிரி ஒரு இன்ஜினியர். வெளிச்சம் தரையில் மட்டும் விழற மாதிரி மறைப்பு வைக்கலாம், சீசனில் அணைக்கலாம். மணலில் நடக்காதவருக்கு இது ஒரு பிரச்சினைன்னே தெரியாது.

அதனால, அந்தப் பேப்பரின் இன்டர்னல் மார்க்கில் பாதியைக் களப்பணிக்குக் கொடுக்கணும். "ஆமையால பிளேஸ்மென்ட் வருமா?"ன்னு கேட்பீங்க. வராது. வேலைக்குப் போனப்புறம் எந்த விளக்கை எங்கே போடக்கூடாதுன்னு தெரியும்.