ரத்தம் பேசுமா?

யூதர்களைப் பற்றிய நாவல்களில் ஒரு வகை உண்டு. கதாநாயகன் கிறிஸ்தவனாக வளர்ந்திருப்பான். அவன் மனத்தில் காரணம் புரியாத ஏதோ ஒரு குறை. பாட்டி இறந்த பிறகு அவளுடைய பெட்டியைத் திறக்கிறான். அடியில் ஒரு கடிதம், ஒரு ஹீப்ருப் பிரார்த்தனைப் புத்தகம். அவ்வளவுதான், அவன் யூதன்! 'நான் யார்?' என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வாசகரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுகிறார்.

இந்தக் கதை பொய் என்கிறேன். இப்படி நடந்ததே இல்லையென்று சொல்ல வரவில்லை. எத்தனையோ குடும்பங்களில் நடந்திருக்கிறது. அதிலிருந்து நாவலாசிரியர் எடுக்கிற முடிவுதான் பொய்.

இந்த வகையில் புகழ் பெற்ற நாவல் 1876-ல் வெளிவந்த 'டேனியல் டெராண்டா'. எழுதிய ஜார்ஜ் எலியட் யூதரல்லர். ஆங்கிலக் கனவான் ஒருவரிடம் வளர்ந்த டெராண்டா, ஜெனோவாவில் தாயைச் சந்திக்கும்போதுதான் தான் யூதன் என்று அறிகிறான். ஆனால் அதற்கு வெகு முன்பே ஆசிரியை அவனை யூதர்கள் பக்கம் கொண்டுபோய்விடுகிறார். ரத்தம் முந்திக்கொண்டு பேசிவிடுகிறது!

அந்த நாவலில் என்னை உலுக்குகிறவள் அந்தத் தாய்தான். பெரிய பாடகி. தகப்பனாரின் கெடுபிடியிலிருந்து தப்பி வந்தவள். அந்த விடுதலையை மகனுக்கும் தருவதாக நினைத்தே அவனைப் பிறரிடம் ஒப்படைத்தாள். அவள் வாதத்துக்கு நாவலில் பதில் கிடையாது. தாத்தா விட்டுப்போன காகிதப் பெட்டிதான் மகன் கைக்கு வருகிறது. ஆனாலும் எலியட் நேர்மையானவர். தாயை முழுக்கப் பேசவிட்டார். பின்னால் வந்தவர்களில் பலர் தாயை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ரத்தத்தை நம்பினால் என்ன குற்றம் என்று கேட்கலாம். நம்பியவர்கள் செய்ததைப் பாருங்கள். 1935-ல் நாஜிகள் சட்டம் போட்டார்கள்: தாத்தா பாட்டிமார் நால்வரில் மூவர் யூதரானால் நீயும் யூதன். அந்தத் தாத்தா யூதர் என்று எப்படிக் கண்டார்கள்? ரத்தத்தைச் சோதித்தா? அவர் எந்த மதச் சபையைச் சேர்ந்தவர் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து! ரத்தம், ரத்தம் என்று கூவியவர்களிடமே ரத்தம் வாய் திறக்கவில்லை.

யூத மரபு இவர்களைவிட விசாலமானது. தாய் வழியைக் கணக்கில் கொள்கிற அதே மரபு, விரும்பி வந்து முறைப்படி சேர்ந்தவரையும் யூதராகவே ஏற்கிறது. தாவீது அரசனின் கொள்ளுப்பாட்டி ரூத் ஒரு மோவாபியப் பெண் என்று வேதமே சொல்கிறதே!

அப்படியானால் மறைத்தது மறைந்தபடியே கிடக்கட்டுமா? கூடாது. தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் காரணம் வேறு.

1938 டிசம்பர் முதல் 1939 செப்டம்பர் வரை ஏறக்குறைய 10,000 குழந்தைகள், பெரும்பாலும் யூதக் குழந்தைகள், ஹிட்லரிடமிருந்து தப்பிப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் பெற்றோரை மறுபடி காணவே இல்லை. ஸெபால்ட் 2001-ல் வெளியிட்ட 'ஆஸ்டர்லிட்ஸ்' அப்படியொரு சிறுவனின் கதை. பிராகிலிருந்து வந்து, வேல்ஸில் ஒரு பாதிரியார் வீட்டில் வேறு பெயரோடு வளர்கிறான். வயதான பிறகு பிராகுக்குப் போய், தன்னை வளர்த்த தாதியைக் கண்டுபிடிக்கிறான். தாயை டெரெஸீன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று அறிகிறான். அவனுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு கடன்.

ஜார்ஜ் பெரெக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் இதை வாழ்ந்தே பார்த்தவர். தகப்பனார் 1940 யுத்தத்தில் மாண்டார். தாயாரை 1943-ல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். பையன் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் ஓர் ஊரில் மறைந்து பிழைத்தான். 1975-ல் அவர் வெளியிட்ட நூலில் உருக்கம் இல்லை. பழைய புகைப்படங்களைப் பார்த்து எழுதியதைத் தாமே மறுத்தும் திருத்தியும் போகிறார். தம் ஞாபகத்தையே நம்ப மறுக்கிற அந்த எழுத்து எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிறப்பு ரகசியம் 'நீ இன்னார்' என்று தீர்ப்பு எழுதுவதில்லை. உன்னைப் பிழைக்கவைத்துவிட்டு மாண்டவர்கள் யார் என்று மட்டும் சொல்கிறது. அதற்குமேல் நீ யாராக இருக்கிறாய் என்பது உன் பொறுப்பு. அதைப் பாட்டியின் பெட்டி தலையில் சுமத்தாதே.

நாவலாசிரியர்களே, பெட்டியைத் திறங்கள், தாராளமாக. திறந்ததும் உள்ளே கைவிடுவதற்கு முன், அதைப் பூட்டியவள் யாருக்குப் பயந்து பூட்டினாள் என்று கேளுங்கள்.