ரிப்போர்ட் நார்மல், கல்லீரல்?

சாலாக் செலாத்தானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம்மவர் வீடுகளில் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. ஆண்டுக்கொரு முறை ரத்தம் கொடுத்து மெடிக்கல் செக்-அப் செய்துவிட்டால் போதும், கல்லீரலில் புற்றுநோய் இருந்தால் ரத்தமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் அது. ரத்தத்திலுள்ள ஆர்.என்.ஏ.வை அளந்து புற்றுநோயைக் கண்டறியும் சோதனை பற்றிய செய்திகள் வரவர, இந்த நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டுவருகிறது. இது ஆளைக் கொல்லும் நம்பிக்கை.

செக்-அப் தாளில் கல்லீரலுக்கென்று உள்ள வரிகளைப் பாருங்கள்: ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி., பிலிருபின், அல்புமின். முதல் இரண்டும் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதிகள். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலின் ஒரு மூலையில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி வளர்ந்தாலும், மீதிப் பகுதி தன் வேலையைக் குறைவின்றிச் செய்துகொண்டிருக்கும். எண்கள் வரம்புக்குள்ளேயே நிற்கலாம். புற்றுநோய்க் குறியீடு என்று கூடுதல் பணம் வாங்கிப் பார்க்கும் ஏ.எஃப்.பி.யும் தொடக்கநிலைக் கட்டி உள்ள பலருக்கு உயர்வதில்லை.

ஆர்.என்.ஏ. ஆராய்ச்சி உண்மையிலேயே பெரிய விஷயம். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துணுக்கை 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் கண்டறிந்த விக்டர் அம்புரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2011-இல் ஷாங்காய் ஆய்வாளர்கள் 934 பேரின் ரத்தத்தில் ஏழு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ஒன்றாக அளந்து, தொடக்கநிலைப் புற்றுநோயையும் நன்றாகவே பிரித்துக் காட்டினார்கள்.

ஆனால் அந்த ஏழில் ஒன்றான மிர்-122 கல்லீரல் செல்களில் நிறைந்து கிடப்பது. கொழுப்புக் கல்லீரலோ வைரஸ் அழற்சியோ, கல்லீரலுக்கு எந்தக் காயம் பட்டாலும் அது ரத்தத்தில் ஏறும். ரத்தம் எடுத்த குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றின் ஆர்.என்.ஏ.வும் கலந்து கணக்கைக் குழப்பும். கணக்கையும் போட்டுப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் ஒரு சோதனையை ஆயிரம் பேருக்குச் செய்வதாகவும், அவர்களில் ஐந்து பேருக்கு நோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நோயில்லாத சுமார் நூறு பேர் வீண் பீதியில் ஸ்கேனுக்கும் ஊசிச் சோதனைக்கும் அலைவார்கள். தப்பிப்போகும் நோயாளியோ 'நார்மல்' என்ற தாளோடு நிம்மதியாக வீட்டில் இருப்பார்.

பலன் தந்த வழி பழையது. அதே ஷாங்காயில் ஹெப்படைட்டிஸ் பி தொற்றிய சுமார் 18,800 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2004-இல் வெளியானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி.யும் பார்த்த குழுவில் கல்லீரல் புற்றுநோய் மரணம் 37 விழுக்காடு குறைந்தது. விலா எலும்புக்குக் கீழே ஜெல் தடவி, மூச்சை அடக்கச் சொல்லிப் பார்க்கும் அந்தச் சாதாரண ஸ்கேன்தான். அதுவும் எல்லாருக்கும் தேவையில்லை, ஆபத்து உள்ளவர்களுக்குத்தான்.

ஆபத்து யாருக்கு என்று கேட்டால் "குடிகாரர்களுக்கு" என்று நம் ஊரில் சட்டென்று பதில் வரும். அதுவும் அரைகுறை உண்மை. மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989-இல்தான் வழக்கமானது. அதற்கு முன் பிறந்தவர், ஒரு சொட்டு மது தொடாதவரானாலும், தாயிடமிருந்து வந்த வைரஸை அறியாமலே சுமந்துகொண்டிருக்கலாம். வைரஸ் மட்டுமல்ல, நீரிழிவும் ஆபத்துதான். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நீரிழிவு அதிகம் காணப்பட்ட இனம் இந்தியர்கள். நீரிழிவும் பருமனும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்து, காலப்போக்கில் அதை இறுகவைக்கும். சிரோசிஸ் என்ற அந்த நிலையிலிருந்துதான் பெரும்பாலான கல்லீரல் புற்றுநோய்கள் முளைக்கின்றன.

ஆகவே 1989-க்கு முன் பிறந்தவர்கள் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்கும்போது ஹெப்படைட்டிஸ் பி, சி சோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் கல்லீரல் இறுகத் தொடங்கியிருக்கிறதா என்று விசாரியுங்கள். சிரோசிஸ் என்று சொல்லப்பட்டவர்கள், ரத்தம் எவ்வளவு சுத்தமாக வந்தாலும், ஆறு மாத ஸ்கேனை ஒருமுறைகூடத் தவறவிடாதீர்கள்.