இந்தியா நீங்கலாக

நம் கல்லூரிகள் பலவற்றின் இளங்கலை வரலாற்றுப் பாடத்திட்டத்தில் ‘உலக நாகரிகங்களின் வரலாறு’ என்று ஒரு தாள் உண்டு. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘இந்தியா நீங்கலாக’ என்று போட்டிருப்பார்கள். காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. இந்திய வரலாற்றுக்குத் தனித் தாள்கள் இருக்கின்றன. ஒரே பாடம் இரண்டு இடத்தில் வந்தால் வினாத்தாள் எடுப்பவருக்கும் தொல்லை, திருத்துபவருக்கும் தொல்லை. அலுவல் வசதிக்காகப் போட்ட அடைப்புக்குறிதான். ஆனால் அது எதை எதிலிருந்து வெட்டுகிறது என்று பார்த்தால் வயிறு எரிகிறது.

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு சின்னஞ்சிறு உருளை முத்திரை இருக்கிறது. அக்காதியப் பேரரசின் காலத்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. ஈரக் களிமண்ணின் மேல் உருட்டினால் படம் விழும். யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் குள்ளமான ஓர் உருவம், எதிரே நிற்பவர்களைப் பார்த்துக் கையசைத்துப் பேசுகிறது. வந்தவர்களில் ஒருவர் ஆடு போன்ற ஒரு விலங்கைச் சுமந்து நிற்கிறார். கூடவே ஆப்பெழுத்தில் முத்திரைக்காரரின் பெயரும் தொழிலும்: ஷு-இலிஷு, மெலுஹா மொழியின் மொழிபெயர்ப்பாளர். மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மெலுஹாவின் கப்பல்கள் தன் தலைநகரின் துறையில் வந்து நிற்பதாக அக்காத் மன்னன் சர்கோன் பெருமையடித்துக்கொண்டிருக்கிறான். அந்தத் துறைக்கு ஒரு துபாஷி தேவைப்பட்டிருக்கிறார். தொழிலைத் தன் முத்திரையிலேயே பொறித்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு அதில் மதிப்பும் இருந்திருக்கிறது.

இந்தத் துபாஷியை நம் மாணவர் எந்தத் தாளில் சந்திப்பார்? மெசபடோமியா வரும் தாளில் இந்தியா நீங்கலாக. சிந்துவெளி வரும் தாளில் மெசபடோமியா ஒரே வரி: ‘வணிகத் தொடர்பு இருந்தது.’ இரண்டு தாளுக்கும் நடுவில் மனிதர் காணாமல் போய்விடுகிறார்.

இதனால் வரும் நட்டம் ஒரு சுவையான தகவல் விட்டுப்போவது மட்டுமல்ல. சிந்துவெளி எழுத்தைப் படித்துக்காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அன்றிலிருந்து ‘நான் படித்துவிட்டேன்’ என்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அதற்கு முன்பும் இருந்ததில்லை. இந்தக் கோரிக்கைகளில் எது தேறும், எது தேறாது என்று சொல்ல வேண்டியவர் வரலாறு படித்த பட்டதாரி. அவருக்கு அதற்கான உரைகல் எங்கே கிடைக்கும்? ஆப்பெழுத்து எப்படிப் படிக்கப்பட்டது என்ற கதையில் கிடைக்கும்.

ஈரானில் பெஹிஸ்தூன் மலைச்சரிவில் பாரசீக மன்னன் டேரியஸ் ஒரே செய்தியை மூன்று மொழிகளில் வெட்டிவைத்திருந்தான். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு, ஆங்கில, ஜெர்மன் அறிஞர்கள் என்று பலர் இந்த எழுத்துகளோடு மல்லுக்கட்டினாலும், பாறையில் ஏறிப் படியெடுத்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி ராலின்சன். பழம்பாரசீகத்தைப் படித்து, அதைக் கைப்பிடியாகக் கொண்டு மற்ற இரண்டுக்குள்ளும் நுழைந்தார்கள். அப்படியும் ஊர் நம்பவில்லை. 1857-இல் லண்டன் ராயல் ஆசியக் கழகம் ஒரு சோதனை வைத்தது. புதிதாகக் கிடைத்த அசீரியக் கல்வெட்டுப் பாடம் ஒன்றை ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பெர்ட் ஆகிய நால்வரும் தனித்தனியே மொழிபெயர்த்து உறையில் போட்டு முத்திரையிட்டுக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தபோது சாரத்தில் நான்கும் ஒத்துப்போயின. படித்துவிட்டேன் என்று ஒருவர் சொல்வது போதாது. அதே முறையில் இன்னொருவரும் படித்து அதே பொருளுக்கு வந்து சேர வேண்டும். சிந்துவெளிக்கு இதுவரை ஒரு பெஹிஸ்தூன் கிடைக்கவில்லை, கிடைத்தவை எல்லாம் மிகக் குறுகிய வாசகங்கள். ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துச் சொல்லடைவின் அருமை இதெல்லாம் தெரிந்தவருக்குத்தான் புரியும். ஷு-இலிஷு போன்ற ஒருவர் இரண்டு மொழியிலும் எழுதிவைத்த ஒரு களிமண் பலகை என்றைக்காவது அகப்பட்டால் வழக்கு தீர்ந்தது. உலகத் தாளும் இந்தியத் தாளும் சேராமல் இந்தப் பாடத்தை நடத்தவே முடியாது.

ஒட்டு அறுந்தது ஒரு குறை. பாடம் நடக்கும் விதம் இன்னொன்று. எகிப்து என்றால் ஹெரடோட்டஸ் நைலைப் பற்றிச் சொன்னது, பிரமிடு, மம்மி, பாப்பிரஸ். கிரேக்கம் என்றால் ஒலிம்பிக். ‘கொடைகள் யாவை?’ என்று பத்து மதிப்பெண் வினா. நோட்ஸில் எட்டுத் தலைப்பு. மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில் கூலித் தானியம் வந்து சேரவில்லை என்று, அரசக் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நாள்வாரியாக அதைப் பதிந்த பாப்பிரஸ் தூரின் நகரில் இருக்கிறது. கொடைப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

ஹம்முராபியையே எடுத்துக்கொள்வோம், அவரை விட்டவர் யாருமில்லை. ‘282 சட்டங்கள், கண்ணுக்குக் கண்’ என்று எல்லா நோட்ஸிலும் இருக்கிறது. அந்தச் சட்டங்களைப் பொறித்த கல் பாபிலோனியாவில் அகப்படவில்லை. ஈரானிலுள்ள சூசாவில் 1901-இல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டி எடுத்தார்கள். கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஏலம் நாட்டு மன்னன் கொள்ளைப் பொருளாகத் தூக்கிப் போயிருக்கிறான். தன் பெயரை வெட்டுவதற்கோ என்னவோ, கீழ்ப்பகுதியில் சில பத்திகளைச் சுரண்டி வழித்திருக்கிறார்கள்; வழித்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. முதலில் பதிப்பித்த ஷெய்ல், அழிந்த பகுதியில் இத்தனை சட்டம் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டு, அதையும் சேர்த்து வரிசையெண் கொடுத்தார். கல்லில் எண்ணே கிடையாது. நம் பிள்ளைகள் ஒரு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யும் 282-க்குள் ஒரு பதிப்பாசிரியரின் ஊகமும் அடக்கம்.

கண்ணுக்குக் கண் விவகாரம் இதைவிட முக்கியம். மேல்குடியைச் சேர்ந்தவன் இன்னொரு மேல்குடியானின் கண்ணைக் கெடுத்தால்தான் இவன் கண் போகும். சாமானியனின் கண்ணைக் கெடுத்தால் ஒரு மீனா வெள்ளி, அதாவது சுமார் அரைக் கிலோ, கட்டிவிட்டுப் போகலாம். அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி. 196 முதல் 199 வரை அடுத்தடுத்த நாலே விதிகள். இவற்றை வகுப்பில் ஒரு முறை வாய்விட்டுப் படித்தால் போதும். ஆளுக்கொரு நீதி என்றால் என்ன என்று தமிழ்நாட்டு வகுப்பறை எதிலும் விளக்கவேண்டி இருக்காது, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை விவாதம் கிளம்பிவிடும். நோட்ஸ் முதல் விதியோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் அது சமநீதியாகவும், மீதி மூன்றும் இல்லாததாகவும் ஆகிவிட்டன.

இந்தக் குற்றத்தை ஆசிரியர்கள் தலையில் கட்ட நமக்கு மனமில்லை. தொகுப்பூதியத்தில், அடுத்த ஆண்டு வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் பாடம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் ‘மூல ஆவணத்தைக் கொண்டுபோ’ என்று உபதேசிப்பது எளிது. தமிழ்வழியில் அவர் எதைக் கொண்டுபோவார்? அப்படி ஒரு தொகுப்பு நம் கண்ணில் பட்டதில்லை.

வெளிநாடுகளிலும் இந்தப் பாடம் ஒழுங்காகப் பிறக்கவில்லை. முதல் உலகப்போர் முடிந்த சூட்டில், 1919-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் தொடங்கிய நாகரிகப் பாடம் மேற்குலகத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வகைப் பாடம் 1980-களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் மாணவர் போராட்டத்துக்குப் பிறகுதான் மாறியது. 1963-இல் மேற்கின் எழுச்சியைப் பெரும் நூலாக எழுதிய வில்லியம் மெக்நீல், இருபத்தைந்து ஆண்டு கழித்து, சீனாவுக்கு உரிய இடம் கொடுக்கவில்லை என்று தானே எழுதினார். அவர்கள் சண்டை போட்டுத் திருத்திக்கொண்டார்கள். நம்மிடம் சண்டையே நடக்கவில்லை என்பதுதான் வருத்தம். இத்தனைக்கும் 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து நேரு மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களில் எந்த நாடும் நீங்கலாக இல்லை. ஓ.வி. அளகேசன் அதைத் தமிழிலும் தந்துவிட்டார். சரியான நூலக வசதிகூட இல்லாத கைதிக்கு முடிந்தது பாடத்திட்டக் குழுவுக்கு முடியவில்லை.

வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ் எந்தத் தாளில் வரும்? கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. ஒரு பக்கம் முசிறிக் கடல்வாணிபத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மப்போலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: கங்கைக்கரை நறுமணத் தைலம் 60 பெட்டி, யானைத் தந்தம், எல்லாவற்றுக்கும் கால்பங்கு சுங்கம். எகிப்தின் பெரெனிகே துறையில் ஒரு கோயிலில் புதைத்திருந்த சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அதே எகிப்தின் குசேர் அல்-காதிமில் கணன், சாதன் என்று தமிழ்ப் பெயர் கீறிய பானை ஓடுகள். இதெல்லாம் ரோமானிய வரலாறா, எகிப்திய வரலாறா, தமிழக வரலாறா? மேடையில் பெருமைக்கு எடுத்துச் சொல்கிறோம். பாடத்தில் வைப்பதற்கு மட்டும் இடம் போதவில்லை. பெருமை பேசுபவர் கால்பங்கு சுங்கம் யார் கஜானாவுக்குப் போனது, முதல் போட்டவர் யார் என்று கேட்பதில்லை. மாணவர் கேட்டாக வேண்டும்.

பாடத்திட்டக் குழுக்களுக்கு நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. அடைப்புக்குறியை எடுங்கள். ஒவ்வொரு அலகுக்கும் ஒரு மூல ஆவணத்தை, இரண்டு பக்கத்துக்கு மிகாமல், தமிழில் சேருங்கள். தேர்வில் ஒரு வினாவாவது அந்த ஆவணத்தைக் கையில் கொடுத்து, ‘இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதை மறைக்கிறார்?’ என்று கேட்கட்டும்.

குழு கூடும்வரை காத்திருக்கப் போவதில்லை. அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் இதற்கே ஒதுக்குகிறோம். முதலில் ஹம்முராபியின் அந்த நான்கு விதிகள், பிறகு தூரின் பாப்பிரஸ், பிறகு முசிறிக் கணக்கு. அக்காதியமும் பண்டை எகிப்திய மொழியும் நமக்குத் தெரியாது; ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் பெயர்ப்புகளை ஒப்பிட்டே தமிழாக்க வேண்டியிருக்கும். பிரெஞ்சும் ஜெர்மனும் அறிந்த நண்பர்கள் எழுதுங்கள். வகுப்பில் படித்துக்காட்ட நகலெடுத்துக்கொள்ள விரும்பும் ஆசிரியர்கள் அனுமதி கேட்க வேண்டியதில்லை.