கார்ல வர்றவங்களே, அடுப்பையும் கொண்டு வாங்க



பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. இனி ரெண்டு மாசத்துக்கு எங்க தேனிப் பக்கம் ரோடெல்லாம் வெளியூர் காருங்கதான். மேகமலை, சுருளி, போடிமெட்டு, அப்படியே மூணாறு. முன்னெல்லாம் வர்றவங்க லாட்ஜுல தங்கி ஹோட்டல்ல சாப்பிட்டுப் போவாங்க. இப்போ கொஞ்ச வருஷமா டென்ட்டு, மடக்கு நாற்காலி, மசாலா தடவின கோழி எல்லாத்தையும் டிக்கியில ஏத்திக்கிட்டு வந்து, கண்மாய்க்கரை, ஆத்தோரம், தோப்பு நிழல்னு பார்த்து வண்டியை நிறுத்திச் சமைக்கிறாங்க. எனக்கு இதுல வருத்தம் எதுவும் இல்ல. புள்ளைங்க மண்ணுல உட்கார்ந்து சாப்பிடுறதைப் பார்க்க நல்லாத்தான் இருக்கு.

எனக்குப் பிடிக்காதது ஒண்ணே ஒண்ணு. எல்லாத்தையும் கொண்டு வர்றவங்க அடுப்பை மட்டும் கொண்டு வர்றதில்ல. "கிராமத்துக்கு வந்துட்டு ஸ்டவ்ல சமைக்கிறதா? மூணு கல்லை வெச்சு விறகுல சமைச்சாத்தாண்ணே ருசி" என்று போன வாரம்கூட ஒரு தம்பி சொன்னார். அந்தத் தம்பி விறகுன்னு பொறுக்கிக்கிட்டு இருந்தது எங்க வேலி முள்ளு. ஆடு உள்ளே வராம இருக்க, கருவேல முள்ளை வெட்டிக் காயப்போட்டு அடைச்சு வெச்ச வேலி. உங்களுக்குக் காய்ஞ்சு கிடக்குற குச்சி. எங்களுக்கு ஒரு நாள் கூலி.

அதைக்கூட விட்டுடலாம். கங்கைத்தான் விட முடியாது. பங்குனி, சித்திரையில அறுத்த வயல் தாளும் வரப்புப் புல்லும் எப்படிக் காய்ஞ்சிருக்கும்னு வந்து தொட்டுப் பாருங்க. சாப்பிட்டு முடிச்சு ரெண்டு பாட்டில் தண்ணியை ஊத்திட்டு, அணைஞ்சிருச்சுன்னு கிளம்பிடுறாங்க. மேலே சாம்பல் கறுத்திருக்கும், அடியில கங்கு கிடக்கும். சாயங்காலம் காத்து எழும்பினா அது கண்ணு முழிக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பக்கத்துத் தோட்டத்து வைக்கப்படப்பு அப்படித்தான் எரிஞ்சது. ரெண்டு மாட்டுக்கு ஒரு வருஷத் தீவனம். சமைச்சுட்டுப் போனவங்க எந்த ஊரு, எந்த வண்டின்னு யாருக்கும் தெரியாது. அவங்களுக்கும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது, தங்களால ஒரு சம்சாரி மாட்டை வித்தான்னு.

மலைன்னா கேட்கவே வேண்டாம். காய்ஞ்ச புல்லுல பிடிச்ச தீ மேட்டைப் பார்த்து ஓடும்போது மனுஷன் கால் அதுக்கு ஈடு கொடுக்காது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் சிக்கினவங்க 20 பேருக்கு மேல இறந்துபோனாங்க. அந்தத் தீ எப்படி வந்ததுங்கிறதை நான் இங்கே பேச வரல. காய்ஞ்ச காட்டுல தீ எப்படிப் போகும்னு எங்க மாவட்டம் கண்ணால பார்த்தது, அதுக்காகச் சொல்றேன். காப்புக்காட்டுக்குள்ள தீ மூட்டுறது சட்டப்படியே குற்றம். அங்கே எந்த அடுப்பும் வேண்டாம்.

காட்டுக்கு வெளியில, அனுமதி உள்ள இடத்துல சமைக்கிறதுன்னா என்ன அடுப்பு? இதுல நமக்கு வெளிநாட்டுக்காரன் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்ல. லாரி டிரைவருங்க எத்தனையோ வருஷமா இதைச் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கேபின்ல ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு குண்டான், ஒரு கேன் மண்ணெண்ணெய். புளியமரத்தடியில வண்டியை நிறுத்தினா அரை மணி நேரத்துல கிளீனர் சோறும் குழம்பும் ஆக்கிடுவார். சபரிமலைக்கு வேன்ல போறவங்களும் அப்படித்தான் போனாங்க. அந்த ஸ்டவ்வுக்கு மூலம் சுவீடன் தேசத்துப் பிரைமஸ், 1892 வாக்கில் வந்தது. எண்ணெய் டேங்க்குக்குள்ள காத்தை அடிச்சா, அழுத்தத்துல எண்ணெய் மேலே ஏறும். சூடான பர்னர் குழாய்க்குள்ள அது ஆவியாகி, ஊசி ஓட்டை வழியா சீறி, நீலமா எரியும். அன்னைக்கு இருந்த சூத்திரம்தான் இன்னைக்கும்.

என் ஓட்டு இந்த மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வுக்குத்தான். ஏன்னு சொல்றேன்.

நிறைய பேர் இப்போ சின்ன கேஸ் டப்பா செருகுற அடுப்பு கொண்டு வர்றாங்க. டீ போட, முட்டை பொரிக்க அது போதும். ஆறு பேருக்குப் பிரியாணின்னு பெரிய குண்டானை ஏத்தும்போதுதான் வம்பு. பாத்திரத்தோட விளிம்பு டப்பா மேல வரைக்கும் நீட்டிக்கிட்டு, சூட்டை அது மேலேயே திருப்பிவிடும். டப்பா சூடேறினா வெடிக்கும். 50 டிகிரிக்கு மேல சூடு படக்கூடாதுன்னு டப்பாவிலேயே போட்டிருப்பாங்க. சித்திரை வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்தின காருக்குள்ள அந்தச் சூடு ரொம்ப தூரத்துல இல்ல. உள்ளே எவ்வளவு பாக்கின்னும் தெரியாது. தீர்ந்த டப்பாவைப் பாதிப் பேர் வரப்புலேயே போட்டுட்டுப் போறாங்க. உழும்போது கொழுவுல மாட்டுறது எங்களுக்கு.

"கார்லயே பெட்ரோல் இருக்கே, அதுல எரியுற அடுப்பு வாங்கிட்டா?" என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் அதுக்குன்னே சுத்தம் பண்ணின ஒரு வகைப் பெட்ரோலை டப்பாவில் விக்கிறாங்க. அதுல எரியுற அடுப்புங்க அங்கே பிரபலம். நம்ம ஊர் பங்க்குல கிடைக்கிறது அது இல்ல. இதுல இன்ஜினுக்குன்னு மருந்து கலந்திருக்கு, இப்போ 20 சதவீதம் எத்தனாலும் கலக்குறாங்க. கரி பிடிச்சு ஓட்டை அடைக்கும், சாதாரண ரப்பர் வாஷரைக் கெடுக்கும். அதைவிடப் பெரிய விஷயம், பெட்ரோல் பனிக்கட்டி உறையுற குளிர்லகூடப் பத்திக்கிற அளவுக்கு ஆவி விடும். ஒரு சொட்டு சிந்தினா, ரெண்டடி தள்ளி இருக்குற நெருப்பு அதைத் தேடி வந்து பிடிக்கும். மண்ணெண்ணெய் அவ்வளவு அவசரப்படாது. 35 டிகிரிக்குக் கீழே அதோட ஆவி லேசுல பத்தாது. எங்க ஊர் கோடை அதுக்கும் மேல போகும், அதனால கேனை வெயில்ல வைக்காம நிழல்ல வைக்கணும். அந்தக் கவனம் போதும்.

எந்தக் காரணத்துக்காகவும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல பெட்ரோலை ஊத்தாதீங்க. "கொஞ்சமா கலந்தா சீக்கிரம் பத்தும்" என்று யாராவது சொன்னா, அந்த ஆளைச் சமையல் பக்கமே விடாதீங்க.

பம்ப் ஸ்டவ்னு சொன்னதும் என் வயசுப் பெண்கள் முகம் மாறும். எனக்குத் தெரியும். "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்று பேப்பர்ல படிச்சு வளர்ந்த தலைமுறை நாங்க. அதுல சிலது கலப்பட எண்ணெயால நடந்தது, சிலது அடைச்ச ஓட்டையால நடந்தது. இன்னும் சிலதுல ஸ்டவ் மேல பழியைப் போட்டுட்டு மனுஷங்க தப்பிச்சாங்க, அதுவும் ஊருக்கே தெரியும். அடுப்பு குத்தவாளி இல்ல. ஆனா அந்தப் பயத்துல ஒரு பாடம் இருக்கு. பழகாம தொடக்கூடாது.

பழகுறதுன்னா இவ்வளவுதான். கடையில வாங்கும்போதே பித்தளை டேங்க்கா, அடி அகலமா, கால் ஆடாம நிக்குதான்னு பாருங்க. ஒரு தோல் வாஷர், ஒரு நிப்பிள், நாலு பின் கூடவே வாங்கிக்கோங்க. டேங்க்குல முக்கால் பாகத்துக்கு மேல எண்ணெய் ஊத்தக்கூடாது, மேலே காத்துக்கு இடம் வேணும். ஊத்தும்போது புனல்ல துணி போட்டு வடிகட்டுங்க. அடுத்து, காத்துத் திருகைத் திறந்தே வெச்சு, பர்னர் அடியில இருக்குற கிண்ணத்துல ஸ்பிரிட் ஊத்திப் பத்த வைங்க. அது எரிஞ்சு முடியப் போகும்போது திருகை மூடி, மூணு நாலு தடவை மட்டும் பம்ப் அடிங்க. நீலமாப் பிடிச்சா மேலும் அடிக்கலாம். மஞ்சளா உயர எழும்பினா பர்னர் சூடு பத்தலைன்னு அர்த்தம். உடனே திருகைத் திறந்து காத்தை விட்டு அணைச்சுட்டு, ஆறின பிறகு முதல்ல இருந்து ஆரம்பிங்க. அவசரம் அவசரமா பம்ப் அடிக்கிறவங்கதான் புருவத்தைக் கருக்கிக்கிறாங்க.

இதை நாலு தடவையாவது உங்க வீட்டு மொட்டை மாடியில செஞ்சு பார்த்துட்டு வாங்க. கண்மாய்க்கரையில பசியோட, புள்ளைங்க சுத்தி நிக்க, முதல் தடவையா ஸ்டவ் பத்த வைக்கக்கூடாது.

இதுக்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லன்னு சொல்றீங்களா? ரேஷன்ல வர்ற நீல எண்ணெய் கேஸ் இணைப்பு இல்லாத ஏழைங்களுக்கு. அதை நீங்க தேடக்கூடாது. கடையில விக்கிற வெள்ளை மண்ணெண்ணெயும் உங்க ஊர்ல கிடைக்கலையா? அப்போ 5 கிலோ சின்ன சிலிண்டர் வாங்குங்க, பெட்ரோல் பங்க்குலயே விக்கிறாங்க. நல்ல ரெகுலேட்டர், நல்ல டியூப் போட்டு, நிமிர்த்தி வெச்சுக் கொண்டு வாங்க. விறகுக்கு அது எவ்வளவோ மேல்.

எந்த அடுப்பா இருந்தாலும் வைக்கிற இடம் முக்கியம். பாறை, மணல், இல்லன்னா புல்லைச் செதுக்கின வெறும் மண்ணு. சுத்தி ஆறடிக்குச் சருகு இருக்கக்கூடாது. காத்துக்கு மறைப்புன்னு தகரம் வெச்சா, டேங்க்கைச் சுத்தி மூடாதீங்க, அதுவும் சூடேறும். எரியும்போது எண்ணெய் ஊத்தாதீங்க. பக்கத்துல ஒரு வாளி மண்ணு. தண்ணி இல்ல, மண்ணு. எண்ணெய்த் தீயில தண்ணி ஊத்தினா எண்ணெய் மிதந்துக்கிட்டே பரவும்.

மழை வந்துருச்சுன்னு அடுப்பைத் தூக்கி டென்ட்டுக்குள்ளயோ காருக்குள்ளயோ வைக்கிறது மட்டும் கூடவே கூடாது. துணி பிடிக்கிறது ஒரு ஆபத்து. அடைச்ச இடத்துல எரிஞ்சா வர்ற கார்பன் மோனாக்சைடு அதைவிட மோசம். நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, தூங்குறவன் முழிக்கவே மாட்டான். 2023 ஆகஸ்ட்டில் மதுரை ரயில் நிலையத்துக்கிட்ட நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள்ள, கேஸ் சிலிண்டர் வெச்சு டீ போடப் போய்த் தீ பிடிச்சு 9 பேர் இறந்தாங்க. உத்தரப் பிரதேசத்துல இருந்து சாமி கும்பிடக் கிளம்பி வந்தவங்க. அடுப்பு அடுப்பாத்தான் இருந்தது. வெச்ச இடம் தப்பு.

"ருசி?" என்பீங்க. விறகு வாசம் ஒரு ருசிதான், மறுக்கல. ஆனா எங்க வீட்டுப் பொம்பளைங்க அந்தப் புகையில இருமி இருமித்தான் கேஸ் அடுப்புக்கு வந்தாங்க. நாங்க விட்டதை நீங்க வந்து பிடிச்சுக்கிட்டு அதைத்தான் கிராமம்னு சொல்றது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையா இருக்கு. கோழி நாட்டுக்கோழியா இருந்து, மிளகா மல்லி கையால அரைச்சதா இருந்தா ஸ்டவ்வுலயும் குழம்பு மணக்கும்.

இந்தப் பக்கம் வந்தா, சமைக்கிறதுக்கு முன்னாடி தோட்டக்காரரை ஒரு வார்த்தை கேளுங்க. பெரும்பாலும் யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. எங்க பம்ப்செட் பக்கம் சிமெண்டுத் தளம் ஒண்ணு இருக்கு, வேப்பமர நிழல் இருக்கு, தொட்டியில தண்ணி இருக்கு. தேங்கா வேணும்னா நானே பறிச்சுத் தர்றேன். அடுப்பை மட்டும் நீங்க கொண்டு வாங்க.