ஹுன்டா: இராணுவ ஆட்சியாளர்கள் விரும்பாத ஒரு சொல்

மியன்மாரில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி முதலாம் தேதி ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம், அதே மாதத்தில் செய்தியாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. நடந்ததை ஆட்சிக்கவிழ்ப்பு என்றோ, புதிய நிர்வாகத்தை 'ஜுண்டா' என்றோ குறிப்பிடக் கூடாது என்பதே அது. மார்ச் 8ஆம் தேதி ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமங்கள் பறிக்கப்பட்டன. துப்பாக்கி ஏந்தியவர்கள் ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும்?

ஸ்பானிய மொழியில் 'ஹுன்டா' என்று ஒலிக்கும் இச்சொல், இணைத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. கூடியமர்ந்த குழு என்பதே அதன் நேர்ப்பொருள். (மக்களைக் குறிக்கும் 'ஜனதா'வுக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமை தவிர உறவு ஏதுமில்லை.) தென் ஸ்பெயினின் அண்டலூசியப் பிராந்திய அரசு இன்றும் இப்பெயரையே தாங்கியிருக்கிறது.

1808இல் நெப்போலியன், ஸ்பானிய அரச குடும்பத்தை அகற்றித் தன் சகோதரரை அரியணையில் அமர்த்தியபோது, நகரங்கள்தோறும் ஹுன்டாக்கள் எழுந்தன. மன்னர் இல்லாதவிடத்து அதிகாரம் மக்களிடம் திரும்புகிறது என்பது அவற்றின் வாதம். 1810இல் கராகஸ், புவனோஸ் ஐரிஸ், சாண்டியாகோ ஆகிய நகரங்களிலும் அதே வாதம் ஒலித்தது. தென் அமெரிக்க விடுதலைக்கு அதுவே வாயிலாயிற்று. சிலி தனது தேசிய தினமாகக் கொண்டாடும் செப்டம்பர் 18, அங்கு முதல் ஹுன்டா அமைந்த நாளாகும்.

அதே சாண்டியாகோவில் 1973 செப்டம்பர் 11ஆம் தேதி, முப்படைகள் மற்றும் காவல்படையின் தளபதிகள் நால்வர் இப்பெயரைச் சூடிக்கொண்டனர். இது ஒரு தளபதியின் பேராசையன்று, ஆயுதப்படைகள் அனைத்தின் கூட்டு முடிவு என்று காட்ட இச்சொல் வசதியாக இருந்தது. அந்தக் கூட்டோ நிலைக்கவில்லை. 1974 முடிவதற்குள் தளபதி பினோசே ஜனாதிபதியானார். அவரோடு முரண்பட்ட விமானப்படைத் தளபதி குஸ்தாவோ லேய் 1978இல் வெளியேற்றப்பட்டார்.

சொல்லின் கறை ஆர்ஜென்டினாவில் மேலும் ஆழமானது. 1976 முதல் 1983 வரையான இராணுவ ஆட்சியின் தலைவர்கள் ஒன்பது பேர் 1985இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். ஐவர் தண்டனை பெற்ற அவ்வழக்கு 'ஹுன்டாக்கள் மீதான விசாரணை' என்றே வழங்குகிறது. குற்றவாளிக் கூண்டில் ஏறிய பெயரை எந்தத் தளபதிதான் விரும்புவார்?

ஆகவே புதுப் பெயர்கள் பிறந்தன. தாய்லாந்தில் 2014இல் 'அமைதி மற்றும் ஒழுங்குக்கான தேசியக் கவுன்சில்'. மியன்மாரில் 'அரச நிர்வாகக் கவுன்சில்'. கவுன்சில் என்பதும் ஹுன்டா என்பதும் ஒரே பொருள் என்பதை இவர்கள் அறியாமலிருக்க வாய்ப்பில்லை. 2025 ஜூலையில் மியன்மாரின் கவுன்சில் கலைக்கப்பட்டு வேறொரு பெயரில் ஆணையம் வந்தபோதும் தலைமையில் இருந்தவர் அதே ஜெனரல் மின் ஆங் ஹ்லைங்.

பெயர்ச் சண்டை வெறும் சொற்போர் அன்று, அங்கீகாரம் பற்றியது. 2021ஆம் ஆண்டு மியன்மார் இராணுவம் ஐ.நா.வுக்குப் புதிய தூதரை நியமிக்க முயன்றது. உலக அமைப்பு முடிவை ஒத்திவைத்தது. கவிழ்க்கப்பட்ட அரசு நியமித்த தூதரே இருக்கையில் தொடர்ந்தார்.