ஊட்டியில எருமை எங்கே போச்சு?

இது கொஞ்சம் நீளமான இழை. ஓபி-ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னா படிங்க, நேரம் போகும்.

போன மாசம் மூணு நாள் லீவு கிடைச்சு, தூத்துக்குடியிலிருந்து ஊட்டி போனேன். உப்பளத்தையும் துறைமுகக் கிரேனையும் பாத்துப் பழகின கண்ணு. ரூம் டிவியில ஒரு பாட்டு: ஆல்ப்ஸ் மலை, புல்வெளி, கழுத்துல மணி கட்டின மாடு. "இதுக்கெல்லாம் சுவிட்சர்லாந்துதான் போகணும்"னான் கூட வந்த நண்பன்.

அங்க கோடையில மாட்டை மலை மேல ஏத்தி, அங்கேயே கறந்து சீஸ் போட்டு, குளிருக்கு முன்னாடி கீழே இறக்குவாங்க. கிட்டத்தட்ட இதே வாழ்க்கை நீலகிரியிலயே இருக்கு. தோடர்கள். 2011 கணக்கெடுப்புல சுமார் 2,000 பேர். அவங்க ஊருக்குப் பேரு மந்து. வறண்ட மாசங்கள்ல எருமைகளை மேற்கே ஈரமான புல்வெளிக்கு ஓட்டிட்டுப் போறது அவங்க வழக்கம். பால் கடையுற மனைதான் கோயில், பால்காரர்தான் பூசாரி. பீப்பாயைப் பாதியா வெட்டிக் கவிழ்த்த மாதிரி வீடு, புல்லுக் கூரை, தவழ்ந்து போற அளவுக்கு வாசல். அந்த எருமைப் பால்ல கொழுப்பு சுமார் 8 சதவீதம். நம்ம பசும்பால்ல அதுல பாதிதான்.

மறுநாள் ஒரு மந்துக்குப் போனோம். கோயில் இருந்துச்சு, சிவப்பும் கறுப்புமா பூ வேலை செஞ்ச சால்வை இருந்துச்சு. எருமையைக் காணோம். அங்க இருந்த பெரியவர்கிட்ட கேட்டேன். அவர் அப்பா காலத்துல 60 எருமை, இப்ப 9-ஆம். "மேய எடம் எங்க இருக்கு டாக்டர்?"னு எதிர்ல கையை நீட்டினார். அடர்த்தியா மரம். நான் அதைத்தான் "ஆஹா, என்ன காடு"ன்னு போட்டோ எடுத்துட்டு இருந்தேன்.

தப்பான டயக்னோசிஸ்!

அது காடு இல்லைங்க. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த வாட்டில். பள்ளத்துல சோலை, மேட்டுல புல். அதுதான் அந்த மலையோட இயல்பு. புல்லை வெள்ளைக்காரன் 'தரிசு'ன்னு எழுதினான். விறகுக்கு யூகலிப்டஸ், தோல் பதனிட வாட்டில். சுதந்திரத்துக்கு அப்புறம் நாமளும் ஆலைகளுக்காக ஏக்கர் ஏக்கரா நட்டோம். நீங்க செல்ஃபி எடுக்குற பைன் ஃபாரஸ்ட்டும் நட்டதுதான்.

"மரம் நல்லதுதானே டாக்டர்?"னு கேப்பீங்க. கிளென்மார்கன்ல மண், நீர் ஆராய்ச்சிக்காரங்க வருஷக்கணக்கா அளந்தாங்க. புல்வெளியை விட யூகலிப்டஸ் நட்ட நீர்ப்பிடிப்புல வெளிய வர்ற தண்ணி முதல் சுற்றுலயே சுமார் 16 சதவீதம் குறைஞ்சது. அந்த மலைத் தண்ணிதான் பவானிக்கும் மோயாருக்கும் போகுது. தாமிரபரணியைக் குடிச்சு வளர்ந்த எனக்கு மலை மேல நடக்குறது யார் பிரச்சினைன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

நம்ம கரையிலயும் இதே கதைதான். வறண்ட நிலத்தைப் பசுமையாக்க, விறகுக்கு ஆகும்னு கொண்டு வந்த சீமைக்கருவேலம் இன்னைக்கு எங்க மாவட்டத்துல எங்க பாத்தாலும் நிக்குது. பச்சையா இருந்தா ஆரோக்கியம்னு நினைக்கிற பழக்கத்தை நாம விடணும். புல்வெளியில வாட்டிலை எடுத்துட்டுப் புல்லைத் திரும்பக் கொண்டு வர்ற வேலைக்குத்தான் காசு போகணும், மரக்கன்னு விழாவுக்கு இல்ல.

போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. மந்துக்குப் போனா கேட்டுட்டு உள்ள போங்க. கோயில் சுத்துச் சுவருக்கு வெளியவே நில்லுங்க, வீட்டுக்குள்ள கேமராவை நீட்டாதீங்க. காப்பி குடுத்தாங்கன்னா குடிங்க, பச்சைப்பால் மட்டும் வேண்டாம், காய்ச்சித்தான். மலையேறணும்னா வனத்துறை அனுமதியோட போங்க. புதர்ல, புல்லுல நடந்துட்டு வந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, "மலைக்குப் போனேன்"னு டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. உடம்புல சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கான்னும் பாருங்க. ஸ்க்ரப் டைஃபஸா இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண டாக்ஸிசைக்ளின்ல சரியாகும், விட்டா ஐசியூ வரைக்கும் போகும்.

ஊருக்குத் திரும்பின மறுநாள், தேரிக்காட்டுல 1,000 மரக்கன்னு நட நன்கொடை கேட்டு ரெண்டு பேர் ஓபி-க்கே வந்தாங்க. நல்ல பசங்க. "அங்க ஏற்கனவே என்ன இருக்குன்னு பாத்தீங்களா தம்பி?"ன்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமை மூணு பேருமா பாக்கப் போறோம்.