ஆயுள் மாத்திரை, சக்கரை மாத்திரை

முதுமையைத் தள்ளிப்போட முடியுமா என்று தேடும் விஞ்ஞானத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்த ராபமைசின், கிழட்டு எலிகளின் ஆயுளைக்கூட நீட்டியது என்று 2009-இல் வந்த ஆய்வு நிஜமாகவே பெரிய விஷயம். என் சண்டை, எலிக்கும் மனுஷனுக்கும் நடுவே கடை விரிப்பவர்களோடு.

பிரையன் ஜான்சனை உங்களுக்கே தெரியும். வருஷத்துக்கு 20 லட்சம் டாலர் உடம்புக்குச் செலவழிப்பதாகச் சொல்பவர். 2023-இல், 17 வயது மகனின் பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டார். பலன் தெரியவில்லை என்று அவரே நிறுத்தியும் விட்டார். யயாதியாவது புருவிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தான். அமெரிக்கப் பைத்தியம் என்று சிரித்துவிட முடியாது. 1938-இல் மதன் மோகன் மாளவியாவே, எழுபதைத் தாண்டிய வயதில், தபஸி பாபா என்ற சாமியாரிடம் காயகல்பம் செய்துகொண்டார். 1946-இல் 84 வயதில் காலமானார். இன்றைக்கு யூடியூபில் சுக்கையும் கடுக்காயையும் சாகாவரமாக விற்பவர்கள் அந்தக் கடைசி வருஷத்தைச் சொல்வதில்லை.

பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். சிவப்பு ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் ஆயுளைக் கூட்டும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த சர்ட்ரிஸ் கம்பெனியை கிளாக்ஸோ 2008-இல் 72 கோடி டாலருக்கு வாங்கி, 2013-இல் மூடியது. மெட்ஃபார்மின் முதுமையைத் தாமதப்படுத்துகிறதா என்று மனிதர்களிடம் சோதிக்கத் திட்டமிட்ட ‘டேம்’ ஆய்வோ, பணம் கிடைக்காமல் வருஷக்கணக்கில் இழுத்தது. காப்புரிமை தீர்ந்த மலிவு மாத்திரை. யாருக்கு லாபம்?

அதே மெட்ஃபார்மினைத்தான் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறது. கலிஃபோர்னியாவில் நோயில்லாதவர் விழுங்கினால் ஆயுள் மாத்திரை. எங்கள் பக்கம் சக்கரை மாத்திரை.

பனமலைக் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில் இருக்கிறது. உள்ளே சுவரில் பார்வதி ஓவியம். 1300 வருஷமாகியும் அந்த முகம் அழியவில்லை என்று வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். கீழே நின்றபடியே கும்பிட்டுவிட்டுத் திரும்பும் பெண்களை அவர்கள் கவனிப்பதில்லை. “மேல வரலையாக்கா?” என்றால், “முட்டி போச்சு தம்பி” என்பார்கள். வயது ஐம்பதுதான் இருக்கும். நடவு, களையெடுப்பு, மல்லாட்டை பிடுங்குவது என்று முப்பது வருஷம் குனிந்தே கழித்த உடம்பு. பிறந்த தேதியை வைத்து உடம்பின் வயதைச் சொல்ல முடியாது என்று ஆயுள் விஞ்ஞானிகள் இப்போது ரத்தத்தில் அளந்து காட்டுகிறார்கள். இந்த அக்காக்கள் அதை ரத்தப் பரிசோதனை இல்லாமலே சொல்வார்கள்.

சுதந்திரத்தின்போது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வாக்கில். இன்று 70 வாக்கில். நீட்டியது எந்தக் கற்பமும் இல்லை. தடுப்பூசி, நல்ல தண்ணீர், ரேஷன் அரிசி, பிரசவம் பார்த்த ஆரம்ப சுகாதார நிலையம். அடுத்த பத்து வருஷத்தையும் அங்கேதான் தேட வேண்டும். வீடு தேடி வரும் அந்தத் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. முட்டிக்கு அது ஒழுங்காகக் கிடைக்கட்டும், பிளாஸ்மாவை அப்புறம் பேசலாம்.

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவருக்கு மத்திய அரசின் ஓய்வூதியப் பங்கு 79 வயதுவரை மாதம் 200 ரூபாய். 80-ஐத் தொட்டால் 500. ஆயுளை நீட்டிக்கொள்ளச் சொல்லி டெல்லி தரும் ஊக்கத்தொகை போலிருக்கிறது.